பாட்டில் காலியாக இருந்தும் பையன் ஏன் விழுந்தான்?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் ராணுவப் பயிற்சி மையம் ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். என் பொறுப்பில் 60 ரெக்ரூட்டுகள். சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. போன மாதம் ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு 12 கிலோமீட்டர் ரூட் மார்ச் கிளம்பினோம். முதுகில் பேக், தலையில் ஹெல்மெட். வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் புழுக்கம். முதல் நாளும் கடுமையான பயிற்சிதான். முதல் ஐந்து பேருக்குள் வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் பத்தாவது கிலோமீட்டரில் தள்ளாடி வரிசையை விட்டு விலகினான். அதட்டினேன். கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். அதுவரை அப்படிப் பேசாத பையன். ஒழுங்கீனம் என்று குறிப்பு எழுதிக்கொண்டு, தொடர்ந்து நடக்கச் சொன்னேன். ஒரு கிலோமீட்டருக்குள் விழுந்துவிட்டான்.

நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரில் 38.2 டிகிரி செல்சியஸ்தான் காட்டியது. உடம்பெல்லாம் வியர்வை. வியர்த்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று நினைத்து, நிழலில் படுக்கவைத்து விசிறினோம். வண்டி வர 20 நிமிடம், ஆஸ்பத்திரிக்கு 45 நிமிடம். பிழைத்துக்கொண்டான். ஆனால் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போய்விட்டது. "தண்ணீர் ஒழுங்காகக் குடித்திருக்கமாட்டான்" என்கிறார் மேலதிகாரி. ஆனால் அவன் பாட்டில் காலியாக இருந்தது, வழியில் இரண்டு முறை நிரப்பியும் இருக்கிறான். நாங்கள் செய்த தவறு என்ன? பயிற்சியின் கடுமையைக் குறைத்தால் சிப்பாய் எப்படி உருவாவான்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள பயிற்றுநருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். அதுவரை அப்படிப் பேசாத பையன்." நோய் முதன்முதலில் உங்களிடம் வந்து பேசியது அந்த இடத்தில்தான். அதை நீங்கள் பையனின் குரல் என்று எடுத்துக்கொண்டீர்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மருத்துவனாகப் படித்து முடித்த நானே இதே தவறைச் செய்திருக்கிறேன்.

படைப்பிரிவு ஒன்றில் நான் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்த புதிது. மாலை ஓட்டம் முடியும் நேரம். ஒரு பையன் கையிலிருந்த துப்பாக்கியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்து, "அம்மா கூப்பிடறாங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்த் திசையில் நடந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது அடி போனவன் மண்டியிட்டு, தரையில் எதையோ தேடுவதுபோல் தடவிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மலக்குடல் வெப்பநிலை பார்த்தபோது 41.6. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

ஹீட் ஸ்ட்ரோக் என்பதற்கு இரண்டே அடையாளம்தான். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் போவது ஒன்று. மூளை குழம்புவது இன்னொன்று. முதலாவதைப் பார்க்கக் கருவி வேண்டும். இரண்டாவதைப் பார்க்கக் கண்ணும் காதும் போதும். எரிந்துவிழுவது, உளறுவது, தள்ளாடுவது, சொன்ன கட்டளையையே மறுபடி கேட்பது, காரணமில்லாமல் அழுவது, சம்பந்தமில்லாமல் சிரிப்பது எல்லாமே மூளை சூடேறியதன் விளைவாக இருக்கலாம். சில பேர் நடுவில் கொஞ்ச நேரம் தெளிந்து, "எனக்கு ஒண்ணும் இல்லை சார்" என்பார்கள். அந்தத் தெளிவை நம்பி விட்டுவிடக் கூடாது. வெயில் காலப் பயிற்சியில் ஒருவனுடைய குணம் திடீரென்று மாறினால், அது வேறு ஏதோ என்று நிரூபணம் ஆகும்வரை ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்ட இரண்டு விஷயங்கள். "வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும்" என்று பலரும் பாடமாகப் படித்திருப்பார்கள். வெப்ப அலையின்போது வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவர்களிடம் அதைப் பார்க்கலாம். ஓடி விழும் இளைஞன் பெரும்பாலும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருப்பான். அடுத்தது அந்த நெற்றிக் கருவி. அது காட்டுவது நனைந்து, காற்றுப் பட்டு ஆறிய தோலின் வெப்பம். நெற்றி, காது, அக்குள், வாய் எதுவுமே இந்த நேரத்தில் நம்பத் தக்கதில்லை. உங்கள் பையனுக்கு 38.2 காட்டிய அதே நொடியில் உள்ளே 41 இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். மலக்குடல் தெர்மாமீட்டர் ஒன்றுதான் சரி. இதைச் சொன்னாலே எல்லோருக்கும் கூச்சம் வந்துவிடுகிறது. ஒரு துணியை மறைப்பாகப் பிடிக்க இரண்டு பேர் போதும். கூச்சத்தால் ஒரு சிறுநீரகத்தை இழக்க வேண்டியதில்லை.

சரி, தண்ணீர் குடித்தவன் ஏன் விழுந்தான்?

வெயில்தான் ஆளைச் சுடுகிறது என்று நினைக்கிறோம். உங்கள் மார்ச்சில் வெயிலே இல்லை. சுட்டது அவனுடைய தொடைத் தசைகள். தசை செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மீதியெல்லாம் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறான். சுமையோடு வேகமாகப் போகும்போது அது பல மடங்காகும், கடும் ஓட்டத்தில் பத்து மடங்கைத் தொடலாம். அந்த வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு டிகிரி உடம்பு சூடேறும். 37-இல் கிளம்பியவன் 41-க்குப் போக 20 நிமிடம் போதும் என்ற கணக்கு. நல்லவேளையாக வழி இருக்கிறது. அதுதான் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். இதில் "ஆவியானால்" என்ற சொல்தான் முக்கியம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. சொட்டித் தரையில் விழும். சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை, தண்ணீர் நஷ்டம் மட்டுமே மிச்சம். விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஈரப்பதமோ உச்சத்தில் இருக்கும். "வெயில் ஏறவில்லை, ஆனால் புழுக்கம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தண்ணீர் அவசியம்தான். நீர் வற்றினால் இதயம் திணறும், வியர்வை குறையும், உடம்பு இன்னும் வேகமாகச் சூடேறும். அதற்காக, குடித்த தண்ணீர் தசையில் எரியும் தீயை அணைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வயிறு நிறையத் தண்ணீரோடு ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்தவர்கள் நிறைய உண்டு. "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று விரட்டுவதற்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். பயிற்சியில் இருந்த இளைஞர்கள் இப்படித் தண்ணீராலேயே இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் 1990-களின் இறுதியில் தன் விதியை மாற்றி உச்சவரம்பு வைத்தது: மணிக்குச் சுமார் 1.4 லிட்டர், நாளுக்குச் சுமார் 11.4 லிட்டர். இது தாண்டக் கூடாத எல்லை. எட்டியே ஆகவேண்டிய இலக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதமான வேலைக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், கடும் வேலைக்கு ஒரு லிட்டருக்குள் என்பது பெரும்பாலானோருக்குப் போதும். வேளை தவறாமல் உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. மார்ச்சுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். எடை கூடியிருந்தால் அவன் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான். அவனுக்கு வாந்தியும் தலைவலியும் குழப்பமும் இருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஆக, உங்கள் மேலதிகாரி சொன்னதை ஏற்க எனக்கு மனமில்லை. விழுந்தவன் மேல் பழியைப் போட வசதியான பதில் அது. இந்த நோயை முடிவுசெய்பவை முக்கியமாக மூன்று: நடையின் வேகம், உடம்பின் மேலுள்ள சுமை, நடுவில் கிடைக்கும் ஓய்வு. மூன்றையும் தீர்மானிப்பவர் வரிசைக்கு முன்னால் நடப்பவர். பாட்டிலை வைத்திருப்பவனிடம் அந்த அதிகாரம் இல்லை.

வேகத்தை எதை வைத்து முடிவு செய்வது? சாதாரண தெர்மாமீட்டரைப் பார்த்து வேண்டாம். டபிள்யூ.பி.ஜி.டி. என்று ஒரு அளவு இருக்கிறது. வெட் பல்ப், குளோப் என்ற இரண்டு தெர்மாமீட்டர்களையும் சாதாரண தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கணக்கிடுவது. 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி மையங்களில் ரெக்ரூட்டுகள் வரிசையாக விழுந்த அனுபவத்தில் பிறந்தது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு 20, நிழலில் இருக்கும் சாதாரணத்துக்கு 10. அதாவது காற்றின் ஈரத்துக்குத்தான் இதில் பெரிய பங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வறண்ட ஒரு மதியம்: சாதாரண தெர்மாமீட்டரில் 40, ஈரத்துணியில் 21, கறுப்பு உருண்டையில் 52. மேலே சொன்ன பங்குகளின்படி கூட்டினால் 29.1 வரும். புழுக்கமான இன்னொரு நாள்: சாதாரணத்தில் வெறும் 30, ஈரத்துணியில் 27, உருண்டையில் 42. கூட்டினால் 30.3. பத்து டிகிரி குறைவாகத் தெரிந்த நாள்தான் அதிக ஆபத்தான நாள். அமெரிக்கப் படைகள் இதைக் கொடி நிறங்களாக்கி ஏற்றுகின்றன. 26.7-இல் பச்சை, 29.4-இல் மஞ்சள், 31.1-இல் சிவப்பு, 32.2-ஐத் தாண்டினால் கறுப்பு. நிறம் ஏற ஏற ஒவ்வொரு மணி நேரத்திலும் வேலை நிமிடம் குறைந்து ஓய்வு நிமிடம் கூடும். புழுக்கமான இடத்தில் குண்டு துளைக்காத கவச உடை போட்டால் கிட்டத்தட்ட 3 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 30.3 மஞ்சள் கொடி, கவசம் ஏறியதும் 33-ஐத் தாண்டிக் கறுப்பாகிவிடும். மைதானத்தில் ஏறிய கொடி வேறு, கவசத்துக்குள் ஏறிய கொடி வேறு. கருவி கையடக்கமானது. அலுவலகச் சுவரில் தொங்காமல் பயிற்சி நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை படிக்க வேண்டும்.

அந்தக் கருவிக்கும் ஒன்று தெரியாது. நேற்று என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. மரைன் ரெக்ரூட்டுகளைப் பல ஆண்டுகள் கவனித்ததில், அன்றைய வெப்பத்தோடு முந்தைய நாள் வெப்பமும் ஆளை வீழ்த்துவதில் பங்கு வகிக்கிறது என்று தெரியவந்தது. உங்கள் பையனும் முதல் நாள் கடும் பயிற்சியில் இருந்தவன்தான். சூடு பிடித்த கட்டடத்தில் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுவிட்டு விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மூட்டையைத் தூக்குகிறவன், புதிதாகக் கிளம்பவில்லை. பாதி வழியிலிருந்து கிளம்புகிறான். படுக்கும் அறை குளிர்ச்சியாக இருப்பதைச் சொகுசு என்று நினைப்பவர்களோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். இது பயிற்சியின் ஒரு பகுதி.

ஒன்பதாவது நாள் என்றீர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நாலைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், இதயத் துடிப்பு நிதானப்படும். அதன் பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகம் வரும், அதில் உப்பு குறையும். ஆனால் நிழலில் உட்கார்ந்திருந்தால் இது வராது. தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெப்பத்தில் உழைத்தால்தான் வரும், அதுவும் சிறிது சிறிதாக ஏற்றினால். முதல் நாள் சுமையில்லாமல், பிறகு சுமையோடு மெதுவாக, பிறகு சுமையும் வேகமும் என்று ஏறுங்கள். ஒன்பதாம் நாள் முழுச் சுமையோடு 12 கிலோமீட்டர் என்பது அவசரம். ஒருமுறை பழகிய உடம்பும், நீண்ட விடுப்பில் போய் வந்தால் அல்லது மூன்று வாரம் படுக்கையில் கிடந்தால் மறந்துவிடும். அவர்களைப் புதியவர்களாகவே கணக்கில் எடுங்கள்.

யாரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் குண்டாக இருப்பவனையும் கடைசியில் வருபவனையும் காட்டுவார்கள். அவர்களுக்கு ஆபத்து உண்டு, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பையன் முதல் ஐந்து பேரில் வந்தவன். கடைசியில் வருபவனை அவன் கால்களே நிறுத்திவிடும். முன்னால் வருபவனை நிறுத்த எதுவுமில்லை. அவன் உடம்பு "போதும்" என்பதை மனசு கேட்காது. பயிற்றுநர் பாராட்டுவார், தேர்வில் இடம் கிடைக்கும், சகா சிரிக்கமாட்டான் என்று ஆயிரம் காரணம். தேர்வு நாள்களும் ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டரும் இதனால்தான் ஆபத்தானவை. இறுதியில் "முழு வேகம்!" என்று கத்தும் பழக்கம் உங்களிடம் இருந்தால் வெயில் காலத்தில் விட்டுவிடுங்கள்.

காலையில் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் செலவழித்துக் கேளுங்கள். நேற்று வயிற்றுப்போக்கு இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, தூங்கினாயா, தடுப்பூசி போட்டார்களா, சளிக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை எடுத்தாயா, கடையில் விற்கும் சக்திப் பொடி ஏதாவது உண்டா, முதுகில் வேர்க்குரு அப்பியிருக்கிறதா, முன்பு எப்போதாவது வெப்பத்தில் மயங்கியிருக்கிறாயா? சில சளி, அலர்ஜி மாத்திரைகள் வியர்வையை அடக்கும், ஊக்கப் பொடிகள் வெப்பத்தை ஏற்றும், வேர்க்குரு அப்பிய தோல் சரியாக வியர்க்காது. ரத்தத்தில் அரிவாள் செல் மரபுக்கூறு (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையக்கூடிய பரம்பரைத் தன்மை) உள்ளவர்களும் கடும் உழைப்பில் திடீரென்று சரிந்துவிடக்கூடும். அவர்கள் யார் என்று மருத்துவப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிபந்தனை: "ஆமாம்" என்று சொன்னவனை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தால், மறுநாள் முதல் ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

உடையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு நேரத்தில் ஹெல்மெட், பேக், கவசம் எல்லாம் உடம்பை விட்டு இறங்க வேண்டும். சட்டை திறக்க வேண்டும். குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் முழங்கை வரை இரு கைகளையும் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் உடம்பின் வெப்பம் நன்றாக இறங்கும். சில ராணுவங்கள் இதற்கென்றே தொட்டி அமைத்திருக்கின்றன. செலவில்லாத வேலை, செய்யுங்கள்.

இனி விழுந்துவிட்டான் என்றால் என்ன செய்வது? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பையன் இழந்தது இந்த 65 நிமிடங்களில்தான்.

முதலில் குளிர்வி, பிறகு அனுப்பு. வரிசை மாறக் கூடாது. விழுந்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் உள் வெப்பநிலையை 39-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் உறுப்புச் சேதமும் இல்லாமல். வெப்பநிலை எவ்வளவு உயரத்துக்குப் போனது என்பதைவிட, எவ்வளவு நேரம் அங்கேயே நின்றது என்பதுதான் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. நீங்கள் வண்டிக்குக் காத்திருந்த 20 நிமிடத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

மிகச் சிறந்த வழி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை அமிழ்த்துவது. பூட்ஸ், பேக், சட்டை கழற்றி எறியுங்கள். அதற்காக நேரம் தாழ்த்தாதீர்கள், பேண்ட்டோடு இறங்கினாலும் பரவாயில்லை. ஒருவர் பின்னாலிருந்து இரண்டு அக்குளுக்கும் அடியில் ஒரு துண்டைக் கோத்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பை ஒட்டிய நீர் சூடாகிப் போர்வைபோல் சூழ்ந்துகொள்ளும். இப்படிச் செய்தால் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். மலக்குடல் தெர்மாமீட்டர் 38.9 காட்டும்போது வெளியே எடுங்கள். கருவி இல்லையென்றால் 10 முதல் 15 நிமிடம். நடுக்கம் வந்தால் பயந்து எடுத்துவிடாதீர்கள். தோலில் ஐஸ் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கி வெப்பம் உள்ளேயே அடைபடும் என்று பழைய கதை ஒன்று உண்டு. இத்தனை வேகமாக வெப்பத்தை இறக்குவது இந்த முறைதான் என்பதே அதற்குப் பதில்.

மலைப்பாதையில் தொட்டிக்கு எங்கே போவது? ஒரு தார்ப்பாய் போதும். நடுவில் ஆளைக் கிடத்தி, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் ஐஸும் கொட்டி ஆட்டுங்கள். அதுவும் இல்லையா? ஐஸ் பெட்டியில் ஊறவைத்த படுக்கை விரிப்புகள். தலையையும் உடம்பையும் முழுக்கச் சுற்றி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சூடான விரிப்பை எடுத்துக் குளிர்ந்ததைப் போட வேண்டும். அமெரிக்க ராணுவப் பயிற்சி மையங்களில் பயிற்றுநர்கள் கையிலேயே இந்த விரிப்புப் பெட்டி இருக்கிறது. அமிழ்த்துவதைவிட இது மெதுவானதுதான். ஆனால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நாலு ஐஸ் துண்டு வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருப்பதைவிடப் பல மடங்கு மேல்.

குழம்பியிருப்பவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இங்கே வேலையில்லை. அடிபட்டுக் கொண்டிருக்கும் கல்லீரலுக்கு இன்னொரு சுமை. குளிர்ந்து தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைப்பதும், கல்லீரல் கெடுவதும் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி. உங்கள் பையன் டயாலிசிஸ் வரை போனது இந்த வழியில்தான் இருக்கும்.

ஒருவன் விழுந்தால் மற்ற 59 பேரையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எல்லோரும் அதே காற்றில், அதே சுமையோடு, அதே வேகத்தில் வந்தவர்கள். 2013 ஜூலையில் பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் சிறப்புப் படைத் தேர்வுக்காக சுமார் 26 கிலோமீட்டர் சுமைநடை நடந்தது. வேறு சிலர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு விலகிய பிறகும் நடை நிறுத்தப்படவில்லை. மூன்று பேர் இறந்தார்கள், இருவர் அன்றே, ஒருவர் பிறகு ஆஸ்பத்திரியில். 2015-இல் விசாரணை முடிவில், அலட்சியமும் அந்த மரணங்களுக்குக் காரணம் என்று பதிவானது. பாலைவனமில்லை ஐயா, வேல்ஸ். ஒவ்வொருவரிடமும் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிகூட இருந்தது. அசையாமல் நின்ற புள்ளியைத் திரையில் யாரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை.

கடைசியாக உங்கள் கேள்வி. கடுமை குறைந்தால் சிப்பாய் எப்படி உருவாவான்? நான் கடுமையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு போர்க்களத்தில் ஆயுதத்துக்குச் சமம், அதைக் கொடுப்பது உங்கள் கடமை. இரண்டு வாரம் படிப்படியாக ஏற்றப்பட்டவன் பதினைந்தாம் நாள் உங்கள் 12 கிலோமீட்டரை வேகமாகவே முடிப்பான். ஆனால் தண்டனையாகக் கொடுக்கும் உடற்பயிற்சியை வெப்பத்தில் கொடுக்காதீர்கள். அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை, கொடிக் கணக்கில் இடமில்லை, ஓய்வு நிமிடமும் கிடையாது. நடத்துபவரின் கோபம் ஆறினால்தான் நிற்கும். 2024 மே மாதம் தென் கொரியாவில் முழுச் சுமையோடு தண்டனையாக ஓடவைக்கப்பட்ட ஒரு ரெக்ரூட் இறந்தார். பொறுப்பில் இருந்த அதிகாரி சிறைக்குப் போனார்.

அடுத்த மார்ச்சுக்கு முன்னால் ஒரு ஒத்திகை வையுங்கள். ஒருவனை விழுந்தவனாக நடிக்கச் சொல்லி, பத்தாவது கிலோமீட்டரில் கடிகாரத்தை ஓடவிட்டு, அவன் கழுத்து வரை குளிர்ந்த நீருக்குள் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதல் முறை கால் மணி நேரம் ஆகும். ஐஸ் பெட்டியின் சாவி யாரிடமோ இருக்கும், தார்ப்பாய் கிழிந்திருக்கும், தெர்மாமீட்டரில் பேட்டரி இருக்காது. எல்லாம் சரிசெய்து ஐந்து நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

பையன் திரும்பி வரும்போது அவசரப்படாதீர்கள். ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாகி, மருத்துவர் அனுமதித்த பிறகு, முதல் நாள் சேர்ந்தவனைப்போல அவனை ஆரம்பத்திலிருந்து ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அவன் முன்னால் ஓடத்தான் பார்ப்பான். வரிசையின் நடுவில் வையுங்கள். ஒழுங்கீனம் என்று எழுதி வைத்தீர்களே ஒரு குறிப்பு, அது இன்னும் அவன் கோப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னது அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது.